ஞானம்மா வாசலில் வேப்பிலை

எங்கள் தெருவில் ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. அதில் காலை வணக்கம் கிடையாது, பூப்படம் கிடையாது, யாரும் யாருக்கும் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதில்லை. எப்போதாவது ஒரு வேப்பிலைக் கொத்தின் படம் மட்டும் வரும். வந்தால், அனுப்பியவர் வீட்டுக் குழந்தைக்கு அம்மை கண்டிருக்கிறது என்று பொருள். எழுத்தில் ஒரு வார்த்தை இருக்காது. குரூப்பை நடத்தும் ஞானம்மா உடனே சுகாதார நிலைய நர்ஸம்மாவுக்குப் போன் போடுவாள். இப்படி ஓர் ஏற்பாடு எப்படி வந்தது என்று சொல்லப்போனால் ஞானம்மாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். என் வாயால் அவளைப் புகழ வேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

நான் ராஜமாணிக்கம். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பொன்னேரிப் பக்கத்து நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பக்கத்தில் வீடு கட்டி மாடியில் இருக்கிறேன். கீழ்வீட்டை ஞானம்மாவுக்கு வாடகைக்கு விட்டேன். அவள் ஆரணிக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி, கிறிஸ்தவள். அவளுடைய அப்பா அம்மா அடுத்தவர் வயலில் நடவு நட்டு, களை பறித்தவர்கள். "அவங்களுக்கா வீடு குடுத்தே?" என்று என் சொந்தக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர்களா மாசாமாசம் என் மாத்திரை மருந்து வாங்கித் தருகிறார்கள்? போங்கடா என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அவள் என்ன தொழில் செய்யப் போகிறாள் என்று நான் கேட்காமல் விட்டது தப்பு. குடிவந்த முதல் வாரமே மேலே வந்து, "சார், சீலிங்ல அஞ்சு கொக்கி அடிச்சுக்கலாமா?" என்றாள். எதற்கு என்றேன். தூளி கட்ட என்றாள். அஞ்சு தூளியா? ஆமாம், சிப்காட்டுக்கு ஷிப்ட் போகிற பெண்களின் குழந்தைகளைப் பகலில் அவள் பார்த்துக்கொள்ளப் போகிறாளாம். எனக்குக் குழந்தைச் சத்தம் ஆகாது. பகலில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தால்தான் எனக்குச் சாயங்காலம் என்று ஒன்று உண்டு. கொக்கியெல்லாம் முடியாது என்று கத்தினேன். அவள் சரி சார் என்று போய்விட்டாள். மறுநாள் நான் பொன்னேரிக்குப் போய்த் திரும்புவதற்குள் அஞ்சு கொக்கியும் மாட்டியிருந்தாள். கேட்டால், "காலி பண்ணும்போது பூசிக் குடுத்துடறேன் சார், பேஜார் பண்ணாதீங்க" என்கிறாள்.

இருபது வருஷம் அவளே ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் நின்றவள். புருஷன் லாரி ஓட்டுகிறவர், நெல்லூர், விஜயவாடா என்று பாதி மாதம் ரோட்டில் இருப்பார். பிள்ளை இல்லை. கம்பெனியில் ஆள் குறைத்தபோது வீட்டுக்கு வந்தவள், பக்கத்து வீட்டுப் பெண்ணின் குழந்தையை ஒரு வாரத்துக்கு என்று வாங்கி வைத்துக்கொண்டாள். அது அப்படியே வளர்ந்துவிட்டது. அவள் குழந்தையை வாங்கும் விதத்தை மாடிப்படியில் நின்று நான் எத்தனையோ காலை பார்த்திருக்கிறேன். நின்றபடி கைமாற்ற விடமாட்டாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "மடியில வை" என்பாள். கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும், அம்மாக்காரி தவித்துக்கொண்டு நிற்பாள், இவள் பாட்டுக்குக் குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பாள், "ராத்திரி தூங்கிச்சா, பால் குடிச்சிச்சா" என்று கேட்பாள். அதற்குப் பிறகுதான் போ என்பாள்.

அந்த மடிக்கு வந்தவர்களில் கடைக்குட்டி பரத். எட்டு மாதம். அவன் அம்மா மோனிகா ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறாள், புருஷன் குவைத்தில். இங்கே அவளுக்கு ஞானம்மாவை விட்டால் ஆள் இல்லை. இன்னொரு குழந்தை ஸ்நேகா, ரெண்டு வயது. அவள் அம்மா காயத்ரிக்குத் திருவாலங்காடு பக்கம். புருஷன் வீட்டோடு மூன்று தெரு தள்ளி இருக்கிறாள். ஸ்நேகாவும் பரத்தும் ஒட்டிக்கொண்டே இருப்பார்கள். தூளிக்குள் தலையை விட்டு அவனைக் கொஞ்சுவதுதான் அவளுக்கு வேலை.

ஒருநாள் ஸ்நேகாவுக்கு இருமல், மூக்கில் தண்ணீர், கண் சிவந்திருந்தது. மத்தியானம் உடம்பு சுட ஆரம்பித்ததும் ஞானம்மா போன் போட்டு, "ஜுரம் அடிக்குதும்மா, வந்து இட்டுக்கினு போ" என்று அனுப்பிவிட்டாள். மறுநாள் காயத்ரியின் புருஷன் வந்து, பாப்பா கொஞ்ச நாள் வராது என்று மட்டும் சொல்லிவிட்டுப் பைக்கைக் கிளப்பினான். ஊருக்குப் போயிருப்பார்கள் என்று இவள் நினைத்துக்கொண்டாள். ஒரு வாரத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஸ்நேகாவின் பால் பாட்டில் ஒன்று இங்கேயே கிடந்தது. அதைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ஒரு சாயங்காலம் போனவள், பாட்டிலோடு திரும்பி வந்து நேராக மாடி ஏறினாள்.

"சார், ஒண்ணு கேக்கறேன். வாசல்ல சொருகின வேப்பில மொறுமொறுன்னு காஞ்சிருந்தா, சொருகி எத்தினி நாள் ஆயிருக்கும்?"

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டிலும் அம்மை கண்டால் அதுதான் பழக்கம். ஆத்தா வந்திருக்கிறாள் என்று வாசலில் வேப்பிலை வைப்போம். தாளிக்க மாட்டோம், அடுத்த வீட்டுப் படி மிதிக்க மாட்டோம், வருகிறவர்களும் இலையைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிவிடுவார்கள். "இந்த வெயிலுக்கு ஒரு வாரம் இருக்கும்" என்றேன். அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பரத்துக்கு இன்னும் அம்மை ஊசி போடல சார். ஒம்பது மாசம் ஆவணும்" என்றாள்.

ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருக்காமல் அப்போதே சுகாதார நிலைய நர்ஸ் ஜோதிலட்சுமி வீட்டுக்கு என் ஸ்கூட்டரில் அழைத்துப் போனேன். அந்த அம்மா நிதானமானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இருமல், மூக்கொழுகல், கண்ணு செவப்பு, ஜுரம், அப்பால வாசல்ல வேப்பில. தட்டம்மை மாதிரிதான் தெரியுது" என்றார். தடிப்பு எழும்புவதற்கு நான்கு நாள் முன்னாலேயே அது அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடுமாம். இருமுகிற குழந்தை அறையை விட்டுப் போன பிறகும் அந்தக் காற்றில் கொஞ்ச நேரம் இருக்குமாம். அப்படிப் பார்த்தால் ஸ்நேகா இங்கே தூளியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த நாட்களிலேயே எல்லாக் குழந்தைகளும் அந்தக் காற்றைத்தான் சுவாசித்திருக்கின்றன.

"பரத்துக்கு இப்ப ஊசி போட்டா?" என்றாள் ஞானம்மா.

"பட்ட மூணு நாளுக்குள்ள தெரிஞ்சிருந்தா, ஆறு மாசம் தாண்டின கொழந்தைன்னு டாக்டர்கிட்ட கேட்டு முன்கூட்டியே போட்டிருக்கலாம். இன்னொரு மருந்தும் உண்டு, அதுக்கும் நாள் தாண்டிப்போச்சி. இனிமே பாத்துக்கினுதான் இருக்கணும்மா." மூன்று வாரத்துக்கு அவனை மற்றக் குழந்தைகளோடு சேர்க்கக் கூடாது, மற்றவர்களில் யாருக்கு ஊசி விட்டுப்போயிருக்கிறதோ அவர்களை நாளைக்கே அழைத்து வரச் சொல் என்றார்.

அன்று ராத்திரியே ஜோதிலட்சுமி காயத்ரி வீட்டுக்குப் போனார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே கூப்பிடும்வரை நின்றாராம். வேப்பிலையை எடு என்று சொல்லவில்லை. இலை பாட்டுக்கு இருக்கட்டும், இந்த வைட்டமின் மருந்தும் உள்ளே போகட்டும், கண்ணுக்கு நல்லது என்று சொல்லிக் குழந்தைக்குப் புகட்டிவிட்டு, மறுநாளும் போய் இன்னொரு தரம் புகட்டியிருக்கிறார். பரிசோதனைக்கு ரத்தமும் எடுத்து அனுப்பினார். தட்டம்மைதான் என்று பிறகு வந்தது. ஸ்நேகாவுக்கு ஒன்பதாம் மாத ஊசி போடவேண்டிய அன்று சளி பிடித்திருந்ததாம். சளி போகட்டும் என்று தள்ளிப் போட்டிருக்கிறார்கள். சளிக்கெல்லாம் தள்ளவே வேண்டாமாம். பிறகு திருவாலங்காட்டிலிருந்து இங்கே வந்தவர்கள் அதை மறந்தே போனார்கள்.

ஞானம்மா அன்றே எல்லா அம்மாக்களுக்கும் போன் போட்டாள். மூன்று வாரத்துக்குப் புள்ளைங்கள இங்க வுட முடியாது, புள்ளைக்கு ஊசி போட்டாச்சா பாருங்க, ஜுரம் வந்தா நர்ஸம்மாகிட்ட ஓடுங்க. ஒவ்வொருத்தியும் போட்ட சத்தம் மாடிவரைக்கும் கேட்டது. எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். யார் புள்ள? இவள் எல்லோருக்கும் சொன்ன பதிலும் ஒன்றுதான். "அது உனுக்கு எதுக்கு? எந்தப் புள்ளையும் வேணும்னு கொண்டாரல."

மறுநாள் காலையில் கீழே வந்து பார்க்கிறேன், அவள் வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து. கதவில் சிலுவைப் படம், அதற்கு மேலே வேப்பிலை. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகிறவள் வீடு. தெருவில் அவள் சபைப் பெண்கள் ரெண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்னா ஞானம்மா இது?" என்றார்கள்.

"சாமிக்கு வைக்கல. போர்டு. புள்ளைய தூக்கிக்கினு வர்றதுல பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது, பீகார்லேந்து வந்தது ஒண்ணு. வேப்பிலைய பாத்தா கேட்டுட்டாவது உள்ள வருவாங்க" என்றாள். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். சபையில் என்ன பேசினார்களோ, அவள் என்னிடம் சொல்லவில்லை.

நாலு நாள் கழித்துப் பரத்துக்கு ஜுரம் வந்தது. அப்புறம் இருமல், கண்ணில் பீளை. மோனிகா லீவு போட்டுவிட்டு அவனை மார்போடு அணைத்துக்கொண்டு ஒற்றை அறையில் உட்கார்ந்திருந்தாள். ஞானம்மாவுக்குச் சின்ன வயதிலேயே அது வந்து போயிருந்தது, திரும்ப வராது என்று நர்ஸம்மா சொன்னதால் அவள்தான் போய் வந்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் டார்ச் அடித்து அவன் கன்னத்தின் உட்புறத்தைக் காட்டினாராம். சிவப்பில் உப்புக்கல் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். மறுநாள் காதுக்குப் பின்னால் தடிப்பு எழும்பி, முகத்துக்கு வந்து, மார்புக்கு இறங்கியது. இது வைரஸ், இதைக் கொல்ல மருந்து கிடையாது, வைட்டமின் ஏ ரெண்டு நாள் கொடுக்கிறோம், பால் நிறுத்தாதே, மூச்சு வேகமாக வாங்கினாலோ பால் குடிக்காவிட்டாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காதே என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அவர் பயந்தபடியே அவனுக்கு மூச்சு வாங்கியது. விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்து எழுந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றிச் சென்னையில் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். நுரையீரலில் சளி கட்டி நிமோனியா. தனி அறை, ஆக்சிஜன், மூக்கு வழியாகக் குழாயில் பால். நானும் ஞானம்மாவும் சென்னைக்குப் போகும் யூனிட் மின்சார ரயிலைப் பிடித்துப் பின்னாலேயே போனோம். நான் ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். அந்தப் பையன் அழும் சத்தத்தில்தான் இத்தனை நாளாக என் மத்தியானத் தூக்கம் போனது, சத்தமே இல்லாமல் அவன் படுத்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

வராந்தாவில் மோனிகா, ஞானம்மாவைப் பார்த்ததும் கத்தினாள்.

"உன்ன நம்பித்தானே வுட்டுட்டுப் போனேன்? ஊசி போடாத புள்ளைய வச்சிக்கினு எந்தச் சீக்காளிய உள்ள சேத்த? சொல்லு, யாரது?"

ஞானம்மா பேரைச் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் நான் அவளைப் பிடிபிடி என்று பிடித்தேன். உனக்கு என்ன தலையெழுத்து, பேரைச் சொல்லித் தொலைய வேண்டியதுதானே, நீ சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்றேன்.

"சொல்லுங்க சார். சொன்னீங்கன்னா நாளைக்கே ஊட்ட காலி பண்ணிடறேன்" என்றாள். "நாளைக்கு அந்தப் பொண்ணு தெருவுல நடக்க முடியுமா? அப்பால எவளாவது புள்ளைக்கு ஜுரம்னு எங்கிட்ட நெசத்த சொல்லுவாளா?"

மோனிகாவிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அவள் சொல்லாதே என்றது மோனிகாவிடம்தான். காயத்ரி வீட்டுக்குப் போகாதே என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் நாஷ்டாகூடத் தின்னாமல் போனேன். வேப்பிலை எடுத்திருந்தார்கள், அம்மை இறங்கி, தலைக்கு மூன்று தண்ணி ஊற்றி முடிந்திருந்தது. ஸ்நேகா சுவரோரம் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள், உடம்பு பாதியாக இளைத்திருந்தாள். அவளைப் பார்த்ததும் என் கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு, பரத் சென்னையில் கிடக்கிறான், ஒரு போன் போட உனக்குக் கை வரவில்லையா என்று கேட்டேன்.

காயத்ரிக்கு விஷயமே தெரியாது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இல வச்சிருந்தேனே சார். தெருவே பாத்துச்சே. ஆத்தா ஊட்ல இருக்கறப்ப வாய் வுட்டுச் சொல்லக் கூடாதுன்னாங்க எங்க அத்த. இல சொல்லும்னாங்க. நானும் யார் ஊட்டுப் படியும் மிதிக்கல, கடைக்குக்கூடப் போவல. ஞானம்மாக்கா வேதக்காரங்க, அவங்ககிட்டப் போயி ஆத்தா பேச்சு இன்னாத்துக்குன்னு இருந்துட்டேன்."

எங்கள் ஊரில் அது போதும். ஊர்க் குழந்தைகள் அந்தத் தெருவிலேயேதான் விளையாடும். இலையைப் பார்த்தவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். இங்கே குழந்தைகள் கலப்பது தெருவில் இல்லை, மூன்று தெரு தள்ளி என் வீட்டுக் கீழ்த்தளத்தில். அங்கிருந்து பார்த்தால் அவள் வாசல் தெரியாது. பின்னால் ஞானம்மா அந்த இலையைக் குரூப்பில் போடச் சொன்னது இதனால்தான். இந்தப் பெண் பழக்கத்தில் ஒரு குறை வைக்கவில்லை. நான் திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் வீணாய்ப் போனதில் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினபோது காயத்ரியும் ஸ்டேஷனில் நின்றாள். ஞானம்மா என்னை ஒரு முறை முறைத்தாள். நான் மீஞ்சூர் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

பரத்துக்கு ஆக்சிஜனை எடுத்துவிட்டிருந்தார்கள். ஆனால் வாயெல்லாம் புண். குழாயை எடுத்துவிட்டு வாயால் கொடுத்துப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய் நேரமாகியிருந்தது. மார்பைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொண்டான். பாலாடையில் கொடுத்ததெல்லாம் கடைவாயில் வழிந்தது. சாயங்காலத்துக்குள் அவன் குடிக்கத் தொடங்காவிட்டால் மறுபடி குழாய்தான். ஞானம்மாவை அறையில் விட்டுவிட்டு மோனிகா வெளியே வந்தாள். புடவை முன்புறமெல்லாம் பால் கறை. காயத்ரி அவள் எதிரே போய் நின்றாள்.

"எங்க ஊட்லேந்துதான் வந்துச்சு அக்கா. என் பொண்ணுகிட்டேந்துதான் உன் புள்ளைக்கு."

மோனிகா அடிப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். ரெண்டடி முன்னால்கூடப் போனேன். அவள் காயத்ரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கேட்டாள்.

"உன் பொண்ணு எப்போ வாயத் தொறந்தா?"

"அஞ்சாம் நாளு. அதுவரைக்கும் துப்பிக்கினே இருந்தா."

"எப்படிக் குடுத்த?"

"படுக்க வச்சிக் குடுக்கல அக்கா. நிமுத்தி வச்சி, கன்னத்தோரமா ஒவ்வொரு சொட்டா. அவ முழுங்கற வரைக்கும் அடுத்தது குடுக்கல. அழுதா நிறுத்திட்டேன், தூக்கிக்கினு நடந்தேன், மறுபடி குடுத்தேன்."

மோனிகா அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் ஞானம்மா வெளியே வந்தாள். ஏன் வந்துவிட்டாய் என்றேன். "ரெண்டு பேருக்கு மேல உள்ள வுடமாட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் உதடு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் நானும் கூப்பிட்டேன், அவளுடையதையும் சேர்த்து.

வெகுநேரம் கழித்து அறைக் கதவு திறந்தது. மோனிகா தலையை மட்டும் வெளியே நீட்டினாள். கண்ணீரில் முகமே தெரியவில்லை.

"அக்கா, முழுங்கிட்டான். உள்ள வா, மடியில வாங்கிக்கோ, மூணு பேருன்னு திட்டினா திட்டட்டும்."

ஞானம்மா எழுந்து ஓடினாள். அவள் செருப்பு பெஞ்சுக்கு அடியிலேயே கிடந்தது.